செக்கு போடலாமா, கடையை மூடலாமா? – தொழில் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எதைத் தொடங்குவது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள், தொடங்கியதை நிறுத்திவிடலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் போடவேண்டிய கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் சேர்த்தே வெளியிடுகிறோம். பதில்களில் வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. அந்த இடத்தில் உங்கள் ஊரின் இன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள்.

ஓசூரில் ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டரில் ஆறு வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். கையில் மூன்று லட்சம் இருக்கிறது. மரச்செக்கு போடச் சொல்கிறார் மாமா. சாமை, கேழ்வரகில் முறுக்கு செய்து பாக்கெட் போடலாம் என்கிறார்கள் வீட்டில். எனக்கு ஒர்க் ஷாப் வைக்கவும் ஆசை. மூன்றில் எது நல்லது? – வாசகர், பாலக்கோடு

மூன்றிலும் நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள், கடனாளி ஆனவர்களும் இருக்கிறார்கள். அதனால் எது நல்லது என்பதை விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கேளுங்கள். உங்கள் சம்பளம் 20,000, வாடகை, தவணை, கையாள் எல்லாம் சேர்த்து 15,000, ஆக மாதம் 35,000 ரூபாய் வரவேண்டும். அதற்கு ஒவ்வொரு தொழிலிலும் மாதம் எத்தனை விற்கவேண்டும்? அத்தனையையும் வாங்க ஆள் இருக்கிறதா?

செக்கை முதலில் பார்ப்போம். நிலக்கடலைப் பருப்பு கிலோ 120 ரூபாய் என்றால் 100 கிலோ 12,000. மரச்செக்கில் ஆட்டினால் சுமார் 40 கிலோ எண்ணெய் வரும், அளவில் 44 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மூன்று நாள் தெளியவிட்டுக் கசடு நீக்கினால் கைக்கு வருவது 42 லிட்டர். புண்ணாக்கு 55 கிலோ, கிலோ 40 ரூபாய்க்குப் போனால் 2,200 திரும்பி வரும். ஆக, லிட்டருக்குப் பருப்புச் செலவு மட்டும் 233 ரூபாய். ஒரு ஈடுக்கு 15 முதல் 17 கிலோ, ஈடுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்பதால் 100 கிலோ ஆட்ட ஒரு நாள் முழுக்க ஆகும். அந்த ஆளுக்கு 600 ரூபாய் கூலி, அதாவது லிட்டருக்கு 14. பாட்டில், மூடி, லேபிள் 12. கரண்ட் 3. மொத்தம் 262. லிட்டர் 320-க்கு நீங்களே நேரடியாக விற்றால் 58 ரூபாய் நிற்கும். 35,000-ஐ 58-ஆல் வகுத்தால் மாதம் 600 லிட்டர். ஒரு வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டர் என்று வைத்தால் உங்களிடமே மாதாமாதம் வாங்கும் 200 குடும்பங்கள் வேண்டும்.

கடைகளுக்குப் போட்டால்? கடைக்காரர் பத்து சதவீதம் எடுத்தால் 32 ரூபாய் போய், லிட்டருக்கு 26 ரூபாய்தான் மிஞ்சும். 35,000 எடுக்க 1,350 லிட்டர் ஓடவேண்டும். ஒரு செக்கு மாதம் 26 நாள் முழுதாக ஓடினாலும் தருவது சுமார் 1,100 லிட்டர். இயந்திரத்தால் முடியாத அளவை விற்றால்தான் வீட்டுக்குச் சம்பளம் என்றால், கடைகளை நம்பி ஒரு செக்கு போடுவது முதல் நாளே தோற்ற கணக்கு. இதைப் போட்டுப் பார்க்காமல்தான் பலர் இரண்டாவது செக்கும் வாங்கிவிடுகிறார்கள்.

முறுக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாமை மாவும் கேழ்வரகு மாவும் அரிசி மாவைப் போலப் பிடிக்காது, பிழியும்போது உடையும், எண்ணெயையும் கூடுதலாகக் குடிக்கும். குடித்த எண்ணெய்தான் சில வாரத்தில் சிக்கு வாடை அடிப்பது. கடைகளில் கடனுக்குப் போட்டு, விற்காத பாக்கெட்டைத் திரும்ப வாங்கும் வழக்கம் இதில் அதிகம். மூன்று லட்சத்தில் பாதி கடைகளின் அலமாரியிலேயே நின்றுவிடும். வீட்டில் கைப்பக்குவம் இருந்தால் ஆர்டரின் பேரில் செய்து கொடுக்கட்டும், பாக்கெட் வேண்டாம்.

ஒர்க் ஷாப்பில் ஒரு வண்டிக்குச் சராசரிக் கூலி 350, உதிரிபாகத்தில் மிச்சம் 150 என்றால் வண்டிக்கு 500 ரூபாய். மாதம் 70 வண்டி, நாளுக்கு மூன்றுக்கும் குறைவு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகள் (புகைக் கட்டுப்பாட்டு விதிக்கேற்பச் செய்தவை) பெரும்பாலும் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்‌ஷனுக்கு வந்துவிட்டன. ஸ்கேனர் வைத்துக் கோளாறு பார்க்கத் தெரிந்த மெக்கானிக் சிற்றூர்களில் குறைவு. ஆறு வருடம் சர்வீஸ் சென்டரில் இருந்த உங்களுக்கு அது தெரியும். ஸ்கேனர், கம்ப்ரசர், ஹைட்ராலிக் லிஃப்ட், பேட்டரி சார்ஜர், ஸ்பேனர் செட் எல்லாம் சுமாரானவையாக வாங்கினால் ஒன்றரை லட்சத்துக்குள் அடங்கும். முதல் வாரத்திலேயே காசு கையில் புரளும். 200 குடும்பத்தைத் தேடுவதைவிட 70 வண்டியைத் தேடுவது உங்களுக்கு எளிது. அதனால் எங்கள் பதில் ஒர்க் ஷாப். மெக்கானிக் வேலை தெரியாத ஒருவர் இதே கடிதத்தை எழுதியிருந்தால் பதில் மாறியிருக்கும்.

மாமா சொன்னதையும் ஒதுக்கிவிட வேண்டாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வாங்கிக்கொண்டு, பக்கத்துச் செக்கில் கூலி கொடுத்து 50 கிலோ ஆட்டுங்கள். சுமார் 21 லிட்டர் வரும். எண்ணெயை உதிரியாக அளந்து விற்கக் கூடாது, பாட்டிலில் லேபிளோடுதான் விற்கவேண்டும். சொந்தக்காரர் அல்லாத 20 வீடுகளுக்கு ஆளுக்கொரு லிட்டர், முழு விலைக்கு. தேவைப்படும்போது மீண்டும் ஆட்டிக்கொள்ளலாம். மூன்று லிட்டர் செலவாகும் வீட்டில் ஒரு லிட்டர் பத்து நாளில் தீரும். ஆறு வாரம் பொறுத்துப் பாருங்கள். நீங்கள் கேட்காமலே பத்து வீடாவது மூன்றாம் முறை வாங்கியிருந்தால் செக்கு போடுவதைப் பற்றிப் பேசலாம். முதல் முறை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதை எண்ணவே வேண்டாம், அது உங்கள் முகத்துக்காக வாங்கியது. பருப்பில் பூஞ்சை பிடித்ததையும் சுருங்கியதையும் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் ஆட்டவேண்டும். ஈரம் கூடினால் எண்ணெய் கலங்கிச் சீக்கிரம் கெடும், ஒரேயடியாகக் காய்ந்திருந்தால் எண்ணெய் பிரியாது. இந்த ஆறு வாரத்தில் இதெல்லாம் செலவில்லாமல் கைக்குப் பழகும்.

ஒர்க் ஷாப் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வீட்டில் கொடுத்துவிடுங்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் இதில் போடமாட்டேன். ஆறாவது மாதம் நாளுக்கு மூன்று வண்டி சராசரி வராவிட்டால் இடத்தை மாற்றுவேன் அல்லது மூடுவேன். நஷ்டம் வந்த பிறகு எழுத உட்கார்ந்தால், தாங்காத தொகையையும் தாங்கும் என்றே மனம் எழுதும்.

தக்காளி விலை சரியும்போதெல்லாம் இராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் ரோட்டோரம் கொட்டுகிறார்கள். அதை வாங்கி சாஸ், பேஸ்ட் செய்தால் லாபம்தானே? – வாசகர், இராயக்கோட்டை

தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். சந்தைக்கென்று போடும் ரகங்களில் கரையும் சத்து நான்கு ஐந்து சதவீதம்தான். பேஸ்டாக விற்க அதை 28 சதவீதத்துக்கு ஏற்றவேண்டும். தோல், விதை கழித்துப் பார்த்தால் ஒரு கிலோ பேஸ்டுக்கு ஆறு கிலோ தக்காளி. 100 கிலோ தக்காளியிலிருந்து 80 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். திறந்த அண்டாவில் கேஸ் வைத்துக் காய்ச்சினால் ஒன்பது கிலோ கேஸ் போகும், 19 கிலோ வணிக சிலிண்டரில் ஏறக்குறைய பாதி. கிடைப்பது 16, 17 கிலோ பேஸ்ட். தக்காளி இலவசமாகவே வந்தாலும் கிலோ பேஸ்டுக்கு அரைக் கிலோவுக்கு மேல் கேஸ் எரிகிறது. பெரிய ஆலைகள் வெற்றிடக் கலத்தில் குறைந்த சூட்டில் நீரை எடுப்பதால் அவர்களுக்கு எரிபொருளும் குறைவு, நிறமும் கெடாது. திறந்த அண்டாவில் மணிக்கணக்காகக் கொதித்தது பழுப்பேறிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், சரிவு எப்போது வரும் என்று யாராலும் சொல்லமுடியாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அந்த மாதமும் உங்களுக்கு வாடகை, தவணை, ஆள் சம்பளம் உண்டு. சாஸ் வாங்கும் ஓட்டல்காரர் மட்டும் அதே விலைதான் தருவார். மற்றவரின் நஷ்டம் வந்தால் மட்டும் ஓடும் தொழில் வருடத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும். கிருஷ்ணகிரியில் இருக்கும் மாங்கூழ் ஆலைகளே மே முதல் ஜூலை வரையான பருவத்தை நம்பி வருடச் செலவைத் தாங்க வேண்டியிருக்கிறது. அவர்கள் தாங்குவது ஏற்றுமதி ஒப்பந்தமும் பெரிய கொள்ளளவும் இருப்பதால்.

உங்கள் ஊரில் தக்காளி தெரிந்த கை என்றால் தரம் பிரித்துக் கொடுப்பதைப் பாருங்கள். ஓசூர், பெங்களூரு ஓட்டல்களும் மெஸ்களும் கேட்பது ஒரே அளவு, ஒரே பழுத்த பதம், தினமும் காலை ஐந்து மணிக்கு. மண்டியில் கிரேட் (பெட்டி) கணக்கில் எடுத்து, பிரித்து, நாளுக்கு 20 கிரேட் தவறாமல் கொடுக்க முடிந்தால் விலை ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் கூலி நிற்கும். பிரித்ததில் கழிவது எவ்வளவு என்பதைத்தான் முதல் மாதம் எடை போட்டு எழுதவேண்டும். லாபம் ஓடிப்போகும் வழி அதுதான்.

ஓசூர் சிப்காட் பக்கம் மதியச் சாப்பாடு செய்து கொடுக்கிறேன். பதினான்கு மாதமாகிறது. மாத விற்பனை 1,40,000. அரிசி, காய், எண்ணெய் 84,000, கேஸ் 10,000, பாக்ஸும் டெலிவரியும் 14,000, இரண்டு பேர் சம்பளம் 24,000, வாடகை 12,000, கடன் தவணை 8,000. மாதம் 12,000 கையிலிருந்து போகிறது. இதுவரை மூன்றரை லட்சம் போட்டாயிற்று. நிறுத்திவிடு என்கிறார் கணவர். மூன்றரை லட்சத்தை விட்டுவிட்டு எப்படி நிறுத்துவது? – வாசகி, ஓசூர்

முதலில் அந்த மூன்றரை லட்சத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் அம்மா. நடத்தினாலும் அது வராது, மூடினாலும் வராது. இனிமேல் போகப்போகும் பணத்தை மட்டும் பாருங்கள்.

கணக்கு எழுதி அனுப்பியது பெரிய உதவி. இதை இரண்டாகப் பிரிப்போம். சாப்பாடு செய்தால் மட்டும் வரும் செலவு: பொருள், கேஸ், பாக்ஸ். அது 1,08,000. விற்பனையில் இதைக் கழித்தால் 32,000. மூடினால் நின்றுவிடும் மாதச் செலவு: சம்பளமும் வாடகையும், 36,000. தவணை 8,000 மூடினாலும் கட்டித்தான் ஆகவேண்டும், அதனால் அது இந்த முடிவில் சேராது. ஆக, நடத்துவதால் கூடுதலாகப் போவது மாதம் 4,000 ரூபாயும் உங்கள் உழைப்பும். 12,000 ஓட்டை என்று பார்த்தால் பயம் வரும், 4,000 என்று பார்த்தால் அடைக்க முடியுமா என்று யோசிக்கத் தோன்றும். விற்பனை பொருள் செலவையே ஈடுகட்டாத நிலை என்றால் நாளைக்கே நிறுத்தச் சொல்லியிருப்போம். உங்களுடையது அந்த நிலை இல்லை.

ஒரு சாப்பாடு 70 ரூபாய் என்றால் மாதம் 2,000 சாப்பாடு, நாளுக்கு 77. ஒன்றுக்குப் பொருள் செலவு 42 ரூபாய், விற்பனையில் அறுபது சதவீதம். இந்த விலைச் சாப்பாட்டுக்குப் பாதிக்கு மேல் போகவே கூடாது. அளவைக் குறைக்காமலே இது எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கலாம். ஒரு வாரம், தினமும் மதியம் மூன்று மணிக்கு மிஞ்சிய சோறு, சாம்பார், பொரியலைத் தனித்தனியாக எடை போட்டு எழுதுங்கள். ஒரு கிலோ அரிசி இரண்டரை முதல் மூன்று கிலோ சோறாகும். தினமும் ஐந்து கிலோ சோறு மிஞ்சுகிறது என்றால் இரண்டு கிலோ அரிசி குப்பைக்குப் போகிறது என்று பொருள். முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குள் எண்ணிக்கை சொன்னவர்களுக்கு மட்டும் இந்த விலை என்று வையுங்கள், தவறினால் ஐந்து ரூபாய் கூடுதல். காய்கறியைச் சில்லறைக் கடையில் வாங்குவதை நிறுத்தி வாரம் மூன்று நாள் மொத்தச் சந்தையில் எடுங்கள். எண்ணெய்க்கு அளவு கரண்டி வையுங்கள். சமையலாள் கண்ணளவில் ஊற்றும் எண்ணெய் மாதக் கடைசியில் டின் கணக்கில் நிற்கும்.

42 ரூபாய் 35-க்கு இறங்கினால் கேஸ், பாக்ஸ் போக ஒரு சாப்பாட்டுக்கு 23 ரூபாய் மிஞ்சும். 2,000 சாப்பாட்டில் 46,000. சம்பளம், வாடகை, தவணை 44,000 அடைந்துவிடும். ஆனால் உங்களுக்குச் சம்பளம் இன்னும் இல்லை. மாதம் 15,000 நீங்கள் எடுக்கவேண்டும் என்றால் 59,000 வரவேண்டும், நாளுக்கு 100 சாப்பாடு.

அந்த 23 சாப்பாடு எங்கிருந்து வரும்? பெரிய ஆலைகளில் கேன்டீன் சட்டப்படியே உண்டு, மதியத்தில் அங்கே உங்களுக்கு இடமில்லை. கேன்டீன் இல்லாத சின்னப் பட்டறைகளும், ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் வெளியூர்ப் பையன்களும்தான் உங்கள் ஆட்கள். அவர்களுக்கு இரவுச் சாப்பாடும் ஞாயிற்றுக்கிழமையும்தான் திண்டாட்டம். அதே அடுப்பு, அதே வாடகை, அதே இரண்டு பேர். இரவு 25 சாப்பாடு பிடிக்க முடியுமா என்று பாருங்கள். ஒப்பந்தக்காரர் ஒருவர் மொத்தமாக ஐம்பது சாப்பாடு கேட்டு நாற்பத்தைந்து நாள் கடன் சொன்னால் வேண்டாம். நாளுக்கு 3,500 ரூபாய் சரக்கு, மாதம் 26 நாள் என்று பார்த்தால், முதல் பணம் கைக்கு வருவதற்குள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் வெளியே நிற்கும்.

அறுபது நாள் எடுத்துக்கொள்ளுங்கள். காலண்டரில் அந்தத் தேதியைக் கணவரும் நீங்களும் சேர்ந்தே வட்டமிடுங்கள். அன்று பொருள் செலவு சாப்பாட்டுக்கு 35-க்குள் இருக்கவேண்டும், எண்ணிக்கை 90-ஐத் தாண்டி ஏறுமுகத்தில் இருக்கவேண்டும். இரண்டும் இருந்தால் தொடருங்கள். ஒன்று மட்டும் இருந்தால் நிறுத்துங்கள், இன்னும் ஒரு மாதம் என்று நீட்டவேண்டாம். இந்த அறுபது நாளில் நகையை அடகு வைக்காதீர்கள்.

பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) கடனில் பாக்குமட்டைத் தட்டு யூனிட் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. திட்ட மதிப்பு ஐந்து லட்சம். மழைக்காலத்தில் தட்டில் பூஞ்சை பிடித்து ஆர்டர் போய்விட்டது. மூடினால் மானியம் என்ன ஆகும்? – வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

மானியம் இப்போது உங்கள் கையில் இல்லை. மூன்று வருடத்துக்கு வங்கியில் வைப்பாக இருக்கும். யூனிட் உண்மையிலேயே ஓடுகிறதா என்று நேரில் பார்த்த பிறகுதான் அது கடனில் கழியும். நடுவில் நீங்களாக மூடினால் திரும்பிப் போய்விடும். ஊரகத்தில், ஓபிசி உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதம். உங்களுக்கு அது பொருந்தினால் 1,75,000 ரூபாய். மீதி பதினெட்டு மாதம். வகுத்தால் மாதம் 9,700. மூடினால் மிச்சமாகும் தொகை மாதம் இதைவிடக் குறைவு என்றால், சின்ன அளவிலாவது ஓட்டிக்கொண்டிருப்பது நல்லது. நஷ்டம் மாதம் 15,000, 20,000 என்று போனால் மானியத்துக்காகக் காத்திருப்பது வீண். பெயருக்குப் பூட்டைத் திறந்து வைத்துவிட்டு ஓடுகிறது என்று காட்ட நினைக்காதீர்கள், மின் கட்டண ரசீதே காட்டிக்கொடுத்துவிடும்.

தயாரிப்பை மாற்ற விரும்பினால் வங்கிக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கும் முதலில் கடிதம் கொடுங்கள். இயந்திரம் வங்கிக்கு ஈடாக இருக்கிறது. வங்கியின் எழுத்து இல்லாமல் விற்றால் கடன் பிரச்சினை கிரிமினல் பிரச்சினையாகிவிடும்.

மூடும் முன் பூஞ்சையைப் பாருங்கள். மட்டையை ஊறவைத்துக் கழுவி, நீர் வடியாமலே அச்சில் வைத்தால் வெளிப்புறம் காய்ந்து நடுவில் ஈரம் நின்றுவிடும். அதை அன்றே பிளாஸ்டிக் கவரில் கட்டினால் ஒரு வாரத்தில் விளிம்பில் வெள்ளை பூக்கும். அச்சிலிருந்து எடுத்ததைக் காற்றோட்டமாக அடுக்கி ஆறவைத்து, மழை நாளில் ஒரு சூடான அறையில் வைத்துக் காயவைத்த பிறகுதான் கட்டவேண்டும். மட்டையையும் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள். ஆர்டர் போனது இதனால் மட்டும்தான் என்றால் உங்களுடையது மூடவேண்டிய யூனிட் இல்லை. பழைய வாடிக்கையாளர் மூன்று பேரைக் கேளுங்கள்: பூஞ்சையில்லாமல் கொடுத்தால் பழைய விலைக்கு வாங்குவீர்களா என்று. விலையைக் காரணம் சொன்னால் மட்டும் யோசிக்கவேண்டும்.

கம்பெனி வேலையை விட்டுவிட்டு இருபது ஆடு, ஒரு கிடா வாங்கிப் பண்ணை வைக்கலாமா? – வாசகர், ஊத்தங்கரை

வேலையை இப்போது விடாதீர்கள். ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். குட்டி விற்கும் எடைக்கு வர இன்னும் ஆறேழு மாதம். வாங்கிய நாளிலிருந்து ஒழுங்கான வரவு தொடங்க ஒரு வருடம் ஆகும். ஆடு, கொட்டகைச் செலவு தனி. அதுபோக ஒரு வருடத்துக்கு வீட்டுச் செலவு தனியாக வங்கியில் இருக்கவேண்டும், அதை ஆட்டுக்குத் தொடக்கூடாது. இருபது ஆட்டுக்கு நாளுக்கு 80 கிலோ பசுந்தீவனம் வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் உங்கள் கிணற்றில் தண்ணீர் நிற்குமா என்பதே இந்தத் தொழிலின் பாதி விடை.

முதலில் ஐந்து ஆடு. சந்தையில் வாங்கியதை மூன்று வாரம் தனிக்கொட்டகையில் வையுங்கள். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி இரண்டுக்கும் தடுப்பூசி போட்டு, குடற்புழு நீக்கிய பிறகே மற்றவற்றோடு சேருங்கள். புதுப் பண்ணைகள் பல காலியாவது இந்த மூன்று வாரத்தைப் பொறுக்க முடியாமல்தான். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஐந்து ஆட்டோடு கடந்த பிறகு வேலையை விடுவதைப் பேசுவோம்.

தருமபுரியில் ரெடிமேட் துணிக்கடை. நஷ்டம் என்று தெரிந்துவிட்டது, மூடுவதென்று முடிவும் எடுத்துவிட்டேன். தண்டல் கடன் ஒன்று ஓடுகிறது, மொத்த வியாபாரிகளுக்கும் பாக்கி இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது? ஊரில் தலைகாட்ட முடியாமல் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. – வாசகர், தருமபுரி

முடிவெடுத்துவிட்டீர்கள், அது பாதி வேலை. மீதி, வரிசை.

இன்றோடு புதுச் சரக்கு எடுப்பதை நிறுத்துங்கள். பிறகு தண்டல். 10,000 ரூபாய் என்று எழுதி 8,500 கையில் கொடுத்து நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வசூலித்தால், வட்டி வருடத்துக்கு நூற்று இருபது சதவீதம் ஆகிறது. எந்தத் துணிக்கடை லாபமும் அதைத் தாங்காது. சரக்கு விற்று வரும் முதல் பணத்தில் அதை முடித்துவிடுங்கள். ஒரு தண்டலை அடைக்க இன்னொன்று எடுக்காதீர்கள். மிரட்டி வசூலித்தால், 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

மூடும் தேதியைப் பண்டிகையைப் பார்த்து வையுங்கள். ஆடியிலும் தீபாவளிக்கு முன்பும் விற்பது மற்ற மாதங்களில் பாதி விலைக்கும் போகாது. பக்கத்தில் இருக்கும் பண்டிகை வரை கடையைத் திறந்து வைத்து, அது முடிந்த வாரம் மூடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். தள்ளுபடியை ஒரேயடியாகப் போடாமல் முதல் வாரம் இருபது, பிறகு முப்பத்தைந்து, கடைசியில் ஐம்பது சதவீதம் என்று இறக்குங்கள். சைஸ் உடைந்த சரக்கை மட்டும் முதல் நாளே அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடலாம். நல்ல சரக்கோடு கலந்து வைத்தால் அதையும் இழுத்துவிடும்.

மொத்த வியாபாரிகளிடம் நீங்களே முதலில் பேசுங்கள். பில் தேதி வாரியாகத் தொகையை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பிரிக்காத கட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மீதிக்கு மாதத் தவணை சொல்லுங்கள், சொன்ன தேதிக்குச் சின்னத் தொகையாவது கொடுங்கள். தலைகாட்ட முடியாமல் போவது கடையை மூடியவருக்கு இல்லை, போனை எடுக்காதவருக்குத்தான். வேலை பார்த்த பெண்களுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி, சம்பளத்தைப் பாக்கியில்லாமல் கொடுத்துவிடுங்கள்.

கட்டட உரிமையாளருக்கு ஒப்பந்தத்தில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் தெரிவித்து, அட்வான்ஸிலிருந்து எது கழியும் என்பதை அன்றே எழுதி வாங்குங்கள். பேச்சில் விட்டால் சுண்ணாம்பு அடிக்க, வயரிங் மாற்ற என்று அட்வான்ஸ் கரைந்துவிடும். மின் இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால் முடித்து வைப்புத்தொகையைத் திரும்ப வாங்கலாம்.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். விற்பனை பூஜ்யமானாலும் கணக்கு தாக்கல் செய்யாத ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். நிலுவைத் தாக்கல்களை முடித்து, ஆர்இஜி-16 படிவத்தில் ரத்து கேளுங்கள். கையிலிருக்கும் சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொண்ட வரி) திருப்பிக் கட்டவேண்டி வரும் என்பதால், சரக்கு குறைந்த பிறகு விண்ணப்பிப்பது நல்லது. ரத்து உத்தரவு வந்த மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசிக் கணக்கு. நடப்புக் கணக்கை மூடுவது இதற்கெல்லாம் பிறகுதான், ஏதாவது பணம் திரும்பி வந்தால் அதில்தான் வரும். பில் புத்தகம், கொள்முதல் ரசீதுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கடைசி வருடத்துக் கணக்கின் கெடு தேதியிலிருந்து ஆறு வருடம் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கட்டும்.